மரக்குமிழும் மலிவுத் துப்பாக்கியும்

1963-இல் வெளியான ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்துக்காக விளம்பரப் புகைப்படம் எடுக்க ஷான் கானரி வந்துவிட்டார். ஜேம்ஸ் பாண்டின் அடையாளமான வால்தர் பி.பி.கே. துப்பாக்கியைத்தான் கொண்டுவர மறந்துவிட்டார்கள். புகைப்படக்காரர் டேவிட் ஹர்னிடம் சொந்தமாக ஒரு வால்தர் இருந்தது. ஆனால் அது எல்.பி.53, பொழுதுபோக்குக்காகக் குறிபார்த்துச் சுடும் காற்றுத் துப்பாக்கி. அவசரத்துக்கு அதையே கானரியின் கையில் கொடுத்தார்கள். உலகமே மிரண்டு பார்த்த உளவாளி போஸ்டரில் ஏந்தி நின்றது, காகித அட்டையைத் துளைக்கும் ஏர் பிஸ்டலை! 2010-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 2,77,250 பவுண்டுக்கு விலைபோனது.

அந்த மாடல் வாங்கியவர்களுக்குப் பெட்டியில் ஒரு சிறிய மரக்குமிழும் கிடைத்தது. அதைக் குழலின் நுனியில் மாட்டி, உள்ளங்கையால் அழுத்தித்தான் துப்பாக்கியை மடக்க வேண்டும். குமிழ் இல்லாவிட்டால், குறிபார்ப்பதற்காகக் குழல்நுனியில் நிற்கும் முள் கையைப் பதம் பார்த்துவிடும். இன்று மலிவு விலை ஏர் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பட்டறையில் செய்துகொள்ளும் சின்னச் சின்ன மாற்றங்களுக்கு அந்த மரக்குமிழ்தான் முன்னோடி.

ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. குண்டைத் தள்ளும் விசை எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கரியமில வாயுக் குப்பியோ முன்கூட்டியே காற்று அடைத்த சிலிண்டரோ கொண்டு சுடும் ரகங்களை விட்டுவிட்டால், அந்த விசை சுடுபவரின் கையிலிருந்துதான் வருகிறது. ஸ்பிரிங் வகையில் கை ஒரு வலுவான சுருள்வில்லை அமுக்குகிறது. டிரிக்கரை இழுத்ததும் வில் விரிந்து பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நெரிக்க, அந்தக் காற்று குண்டை உந்துகிறது. இன்னொரு வகையில் கை நேரடியாகக் காற்றையே ஒரே வீச்சில் அமுக்கி அடைத்து வைக்கிறது. டிரிக்கரை இழுத்தால் வால்வு திறக்கும், அவ்வளவுதான்.

மெரினாவில் பலூன் சுடும் கடைக்காரர் துப்பாக்கியை அநாயாசமாக மடக்கி, குண்டைச் செருகி, நிமிர்த்தி நீட்டுவதைப் பார்த்திருப்போம். அவர் கையில் இருப்பது நீளத் துப்பாக்கி. அதன் குழலே நெம்புகோல். பிஸ்டலின் குழல் ஏறத்தாழ ஒரு சாண் நீளம்தான். நெம்புகோல் குட்டையானால் கைக்கு வேலை கூடும். அடிகுழாயின் கைப்பிடியை நுனியில் பிடித்தால் சிறுபிள்ளையும் தண்ணீர் அடிக்கலாம். கீலுக்குப் பக்கத்தில் பிடித்தால் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். அதே கணக்குதான்.

இந்தச் சிக்கலுக்கு 1924-இலேயே பர்மிங்காமின் வெப்ளி அண்ட் ஸ்காட் நிறுவனம் ஒரு வழி கண்டது. குழலை மேலேயும் சிலிண்டரைக் கீழேயும் வைத்து, கீலைக் குழல்வாய்ப் பக்கம் அமைத்தார்கள். பின்முனையை விடுவித்துக் குழலை மேலே தூக்கி முன்னால் சாய்த்தால், பிஸ்டன் முன்பக்கம் இழுபட்டு ஸ்பிரிங் அமுங்கும். துப்பாக்கியும் கைக்கு அடக்கமாக இருந்தது, நெம்புவதற்குக் குழலின் முழு நீளமும் கிடைத்தது.

அமெரிக்காவில் பல ஆண்டுகளாக விற்கும் பீமன் பி17-உம் ஏறக்குறைய இதே கையசைவைத்தான் கேட்கிறது. ஜெர்மனியின் வெய்ராக் எச்.டபிள்யூ.40 மாடலை அச்சாக ஒத்த, சீனாவில் தயாராகும் பிஸ்டல் இது. போட்டித் துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும்போது, இது சில பத்து டாலருக்குக் கிடைக்கும். 4.5 மி.மீ. குண்டை விநாடிக்குச் சுமார் 125 மீட்டர் வேகத்தில் அனுப்பும். சுத்தியலைப் பின்னால் இழுத்தால் மேல்பாதி விடுபடும். அதைத் தூக்கி முன்னால் சாய்த்து, குழலின் பின்வாயில் குண்டை வைத்து, மறுபடி மூட வேண்டும். காற்றையே நேரடியாக அமுக்கும் வகை என்பதால் திறப்பது சுலபம். மூடும்போதுதான் காற்று அமுங்குகிறது, மூடும்போதுதான் முகம் சுளிக்கிறது.

கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். அரை கிராமுக்கும் குறைவான குண்டு அந்த வேகத்தில் சுமந்து செல்லும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றரை ஜூல். சுமார் 350 கிராம் எடையுள்ள ஒரு பையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்கும் வேலை. இடையில் வீணாவதைச் சேர்த்துக்கொண்டாலும் பெரிய பாரமில்லை. பிறகு ஏன் கை நடுங்குகிறது?

பாரம் சமமாகப் பரவவில்லை, அதுதான் காரணம். அடைபட்ட காற்றின் கொள்ளளவைப் பாதியாக்கினால் அழுத்தம் இரு மடங்காகும். மறுபடி பாதியாக்கினால் நான்கு, இன்னொரு முறை பாதியாக்கினால் எட்டு. வீச்சின் முதல் பாதியில் கைக்கு ஒன்றும் உறைக்காது. கடைசி ஓரிரு சென்டிமீட்டரில் எல்லாச் சுமையும் சேர்ந்து வந்து நிற்கும். போதாக்குறைக்கு, வேகமாக அமுக்கினால் காற்று சூடேறி இன்னும் முரண்டு பிடிக்கும். சைக்கிள் பம்ப்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆகவே முதல் மாற்றம் துப்பாக்கியில் அல்ல, பிடிப்பில். கையை நீட்டிக்கொண்டு மூடாமல், துப்பாக்கியை வயிற்றருகே கொண்டுவந்து, ஒரு கை பிடியைத் தாங்க, மறு கையின் அடிப்பகுதியை மேல்பாதியின் பின்கோடியில் வைத்து, மார்புத் தசையின் பலத்தோடு இரண்டையும் சேர்க்க வேண்டும். அந்தக் கோடியில்தான் குறிபார்க்க உதவும் பின்குறி இருக்கிறது. அதன் விளிம்பு கையை வெட்டும். மடித்த தோல் துண்டோ பழைய சைக்கிள் டியூப் துண்டோ இடையில் இருந்தால் போதும், பாதி அவஸ்தை தீர்ந்துவிடும். டிரிக்கரில் விரல் இருக்கக் கூடாது. குழல்வாய் ஆளில்லாத திசையில், பின்னால் குண்டைத் தடுக்கும் மறைப்பு உள்ள பக்கம் பார்த்திருக்க வேண்டும். பாதி மூடிய நிலையில் கை வழுக்கினால் மேல்பாதி துள்ளி எழும். இரண்டு பாதிக்கும் நடுவில் விரல் இருந்தால் நசுங்கும்.

இரண்டாவது மாற்றம், உராய்வைக் குறைப்பது. கீலிலும் இணைப்புக் கம்பிகளிலும் துளி கிரீஸ் வைத்தாலே வித்தியாசம் தெரியும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கோ வேறு மாதிரி. அது காய்ந்து போனால் இழுவையும் கூடும், காற்றும் கசியும். அதற்குச் சிலிகான் எண்ணெய்தான் ஏற்றது. கையில் கிடைக்கும் மெஷின் ஆயிலை விட்டால் சில ரகங்களில் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ஸ்பிரிங் வகையின் சிலிண்டருக்குள் அதை ஊற்றினால் நெரிபடும் காற்றின் சூட்டில் எண்ணெயே பற்றி வெடிக்கும், டீசல் எஞ்சினில் நடப்பதைப் போல.

மூன்றாவது, குழலை மடக்கும் ஸ்பிரிங் பிஸ்டல்களுக்கான நீட்டிப்புக் குழாய். கீலிலிருந்து உள்ளங்கை வரை 18 செ.மீ. என்றும், மடக்க 10 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். குழல்மேல் ஒரு குழாயைச் செருகி நீளத்தை 30 செ.மீ. ஆக்கினால் 6 கிலோ போதும். இனாம் ஒன்றுமில்லை, கை நகரும் தூரம் அதே விகிதத்தில் கூடுகிறது. உள்பக்கம் மெல்லிய துணியோ ஃபெல்ட்டோ ஒட்டி, முன்முள்ளுக்கு இடம்விட்டு ஒரு பிளவு அறுத்தால் வேலை முடிந்தது. மடக்கிய பிறகே குண்டு போடுவதால், குழாயைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குண்டை எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். குழாயோடு சுட்டால் குண்டு அதன் சுவரில் மோதும். நீண்ட நெம்புகோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. மடங்கி முடிந்தது கைக்குச் சட்டென்று தெரியாது. அதற்கு மேலும் அழுத்தினால் கீல் வளையும்.

சிலர் குறுக்கு வழியாக ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றை வெட்டிவிடுகிறார்கள். மடக்குவது இலகுவாகும்தான், ஆனால் விசையும் குறையும். வலுவிழந்த குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டால், காலி என்று நினைத்துக் கையாளும் துப்பாக்கியில் குண்டு இருக்கும். எதிர்த்திசையிலும் எல்லை உண்டு. இங்கிலாந்தில் ஏர் பிஸ்டலின் ஆற்றல் 6 அடி-பவுண்டைத் தாண்டினால், அதாவது 8 ஜூலைச் சற்றே கடந்தால், அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். மடக்குவதை இலகுவாக்கும் மாற்றம் ஆற்றலைத் தொடாமல் இருப்பதே நல்லது.

போட்டிக்காரர்கள் இந்தப் பாட்டையெல்லாம் தாண்டிவிட்டார்கள். ரஷ்யாவின் இஷேவ்ஸ்க் நகரத்து ஐ.ஜே.46எம், குழலுக்கு அடியில் நீளமான நெம்புகோல் வைத்து ஒரே வீச்சில் காற்றை அடைத்தது. ஆனால் 60 குண்டு சுடும் போட்டியில், ஒவ்வொரு முறையும் காற்றை அமுக்கிய கையே 10 மீட்டர் தள்ளியிருக்கும் 11.5 மி.மீ. வட்டத்தைக் குறிவைக்க வேண்டும். அதனால் இன்று எல்லோரும் முன்கூட்டியே காற்று அடைத்த சிலிண்டருக்கு மாறிவிட்டார்கள். நெம்புகோல் மட்டும் சுருங்கி, குண்டு போடும் இடத்தைத் திறந்து மூடும் வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டலில் உடைந்தது அந்தச் சின்ன நெம்புகோல்தான். பழுது பார்த்துத் திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளிகளோடு 12-ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி குறைவு. மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில், அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், அவர் இரண்டு வெண்கலம் வென்றார்.