மூதாட்டியர்க்கு ஏற்ற பரிசு

பண்டிகைக்கு வீட்டுப் பாட்டியாருக்குப் பட்டுச் சேலை எடுப்போர் பலர். அது பெட்டியிலேயே உறங்கும். அவரோ பழைய நூற்சேலையையே உடுத்துவார். பரிசின் பெருமை விலையிலன்று, பயனிலேயே உள்ளது.

கல்வராயன் மலையில் கரியாலூர் போன்ற ஊர்களில் மார்கழிக் குளிருக்குப் போர்வையே துணை. ஆனால் தடித்த போர்வை நனைந்தால் முதிய கைகளால் பிழிய இயலாது. ஆகவே சென்னிமலைக் கைத்தறிப் போர்வைகளில் இலேசானவை இரண்டு வாங்குங்கள். குளிர் மிகுந்தால் இரண்டையும் சேர்த்துப் போர்த்தலாம். துவைக்கும்போது ஒவ்வொன்றாகப் பிழியலாம். உடுத்துவதற்கு மதுரைச் சுங்குடி போன்ற மெல்லிய பருத்திச் சேலை நன்று.

நிறமும் நீளமும் அவரையே கேட்டறிவது முறை. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு நிலையங்களில் வாங்கினால், பாட்டியாரின் குளிர் நீங்குவதோடு நெசவாளர் வீட்டு அடுப்பும் எரியும்.