சாம்பலில் கிடைத்த நீலம்

பண்டைய எகிப்தியர்கள் நீல நிறத்தைப் பெரிதும் விரும்பினர். ஆனால், லாப்பிஸ் லசூலி என்னும் நீலக்கல் தொலைதூர ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வர வேண்டியிருந்தது. அதன் விலையும் மிக அதிகம். ஆகவே, அவர்கள் நீலத்தைத் தாங்களே உருவாக்கினர். 4,500 ஆண்டுகளுக்கு முன்பே பயன்பாட்டில் இருந்த 'எகிப்திய நீலம்', மனிதர் செயற்கையாகச் செய்த மிகப் பழைமையான நிறமிகளுள் ஒன்று.

ரோமானியப் பேரரசு வீழ்ந்த பிறகு இக்கலை படிப்படியாக மறைந்தது. எஞ்சியது ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிய குறிப்புதான். மணல், நேட்ரான் உப்பு, செம்புத்தூள் ஆகியவற்றைக் கலந்து உருண்டை பிடித்து, மண்கலத்தில் இட்டுச் சூளையில் சுட வேண்டும் என்கிறார் அவர். இம்மூன்றை மட்டும் சுட்டால் நீலம் கிடைக்காது, சுண்ணாம்பும் வேண்டும். அவர் காலத்துக் கடற்கரை மணலில் கிளிஞ்சல் துகள்கள் கலந்திருந்ததால், சுண்ணாம்பைத் தனியே சேர்க்கும் தேவை எழவில்லை போலும்.

மணலையும் சுண்ணாம்பையும் பற்றிய தெளிவு எகிப்திய மண்ணிலேயே கிடைத்தது. 1891ஆம் ஆண்டு, ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிலிண்டர்ஸ் பெட்ரி அமர்னாவில் அகழாய்வைத் தொடங்கினார். அது கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மன்னர் அக்கெனாத்தன் எழுப்பிய தலைநகர். அங்கே நிறமி சுட்ட கலங்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று சூளையிலேயே உடைந்துபோனதால், முழுமையாக வேகாமல் வீசப்பட்டது. அந்தக் கலவையில் குவார்ட்ஸ் கல்லின் துகள்களும் சுண்ணாம்பும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே இருந்தன. நன்றாக வெந்த நீலத்தில் இவை உருமாறிப் படிகமாகிவிடும்; மூலப்பொருள்களைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. கைவினைஞர் ஒருவரின் தோல்விதான் செய்முறையைக் காட்டிக்கொடுத்தது!

சூட்டின் அளவும் முக்கியம். சுமார் 850 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரை பல மணி நேரம் நிலையாகச் சுட வேண்டும். வெப்பம் மிகுந்தால் நீலப் படிகம் சிதைந்துவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில், நெருப்பின் நிறத்தைப் பார்த்தே அவர்கள் இதைக் கணித்திருக்க வேண்டும்.

மன்னர் மூன்றாம் துட்மோஸ் காலத்திலிருந்து இந்நிறமியில் வெள்ளீயமும் காணப்படுகிறது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். எனவே, செம்புத் தாதுக்குப் பதிலாக, உடைந்த வெண்கலப் பொருள்களைக் கைவினைஞர்கள் பயன்படுத்தினர் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

எகிப்திய நீலத்தின்மீது சிவப்பு ஒளி பட்டால், அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். அதைப் படம்பிடிக்கும் கேமராவைக் கொண்டு, லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தினர் கிரேக்கத்தின் பார்த்தினான் கோயில் சிற்பங்களை ஆராய்ந்தனர். வெறும் வெள்ளைப் பளிங்காகத் தெரிந்த ஐரிஸ் தேவதையின் இடைக்கச்சையில் நீலத் துகள்கள் பளிச்சிட்டன.