கருகும் வாடையைப் பிடிக்கும் கருவி

500 மெகாவாட் ஜெனரேட்டர் 99 சதவீதத் திறனோடு ஓடினாலும், மீதி ஒரு சதவீதம், அதாவது ஏறக்குறைய 5 மெகாவாட், வெப்பமாக அதற்குள்ளேயே இறங்குகிறது. அதை வாரிச் செல்ல, மூடிய கூட்டுக்குள் ஹைட்ரஜனை அழுத்தத்தோடு சுற்றவிடுகிறார்கள். காற்றைவிட 14 மடங்கு லேசானது. வெப்பத்தை ஏறத்தாழ 7 மடங்கு நன்றாகக் கடத்தும். ஆக்சிஜன் கலக்காதவரை எரியவும் எரியாது. ஆகவே உள்ளே இன்சுலேஷன் கருகினாலும் தீ எழாது. வெளியே யாருக்கும் தெரியாது. சுழலாத பாகமான ஸ்டேட்டரில் வெப்பமானிகள் பதித்திருக்கிறார்களே என்று கேட்கலாம். ஸ்டேட்டரின் இரும்பு ஒரே கட்டியல்ல. அரை மில்லிமீட்டர் கனம்கூட வராத ஆயிரக்கணக்கான தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு இடையிலான பூச்சு ஓரிடத்தில் சிதைந்தால் சுழல் மின்னோட்டம் பாய்ந்து அந்த இடத்து இரும்பையே உருக்கிவிடும். சற்றுத் தள்ளியிருக்கும் வெப்பமானியோ வழக்கமான அளவையே காட்டிக்கொண்டிருக்கும். எத்தனை வெப்பமானி வைத்தாலும் சூடு அவற்றுக்கு நடுவில் பிறக்கலாம். நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் ரோட்டாருக்குள் வைப்பதோ இன்னும் கடினம்.

எல்லா இடத்தையும் தொட்டுவருவது வாயு ஒன்றுதான். அடுப்படியில் பால் அடிப்பிடிப்பதைக் கூடத்தில் இருப்பவருக்கு மூக்கு சொல்வதுபோல, கோளாறை வாயுவிடம்தான் கேட்க வேண்டும். சூடேறிய இன்சுலேஷன், மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்களை உதிர்க்கிறது. அவற்றைப் பிடிக்கும் கருவி ஹைட்ரஜனில் சிறிதளவை ஓர் அறைக்குள் இழுக்கிறது. அங்குள்ள கதிரியக்கப் பொருள் வாயுவை அயனியாக்க, மின்முனைகளுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டம் ஓடுகிறது. துகள் வந்தால் அயனிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பாரம் கூடியதால் மின்முனையை எட்டுமுன் வாயுவோடு வெளியேறிவிடுகின்றன. மின்னோட்டம் சரிகிறது, மணி அடிக்கிறது.

கருகிய பிறகுதானே சொல்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் மின்சாரம் தரைக்குக் கசியும் பழுதைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தும் ரிலே, இன்சுலேஷன் துளைபட்ட பிறகே விழிக்கிறது. இதுவோ மேற்பூச்சு சிதையத் தொடங்கும்போதே பேசுகிறது. வலுவான ஆட்சேபம் வேறு: சுழல்தண்டின் அடைப்பிலிருந்து கசியும் எண்ணெய்ப் புகையும் இதே விளைவைத் தரும். பொய் மணிக்குப் பழகிய ஊழியர்கள் மெய் மணியையும் தட்டிக் கழிப்பார்கள். அதனால் எண்ணெய்த் துளிகள் ஆவியாகும்படி அறையைச் சூடாக்குகிறார்கள். மணி அடித்ததும் வாயு தானாகவே ஒரு வடிகட்டி வழியாகத் திருப்பப்படுகிறது. மின்னோட்டம் பழைய நிலைக்கு ஏறினால் துகள் மெய். ஏறாவிட்டால் பழுது கருவியில். சில இயந்திரங்களில் பாகத்துக்கொரு வேதிப்பொருள் கலந்த பூச்சு அடித்திருப்பார்கள். அங்கே கருகியது ரோட்டாரா, சுருளின் முனையா என்பதை, வடிகட்டியில் தங்கியதைச் சோதிக்கும் ஆய்வகமே சொல்லிவிடும்.