வெலிகம தென்னை இலைவாடல்

தென்னோலை சோர்ந்தால் "தண்ணி காணாது" என்றுதான் முதலில் சொல்வோம். 2006இல் மாத்தறை மாவட்டத்து வெலிகமவில் தெரியவந்த வாடல் அப்படிப்பட்டதல்ல. சிற்றிலைகள் தட்டையாகிக் கீழே வளையும், மஞ்சளித்து ஓரம் காயும், காய்ப்புக் குறையும். இதனோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது பைற்றோபிளாஸ்மா. கலச்சுவர் இல்லாத இந்தப் பற்றீரியா, மரத்தின் உரியத்துக்குள் வாழ்வது. சாதாரணமாக ஆய்வுகூடத் தட்டில் வளர்த்துப் பார்க்க முடியாது. ஆகவே ஓலையிலிருந்து டீஎன்ஏயைப் பிரித்து, பீசீஆர் முறையால் பெருக்கியே அடையாளம் கண்டார்கள். சாறுறிஞ்சும் பூச்சிகளே இவ்வகைக் கிருமிகளைப் பரப்புகின்றன.

நோய்ப்பட்ட மரம் உடனே சாவதில்லை. ஆபத்தும் அதுதான். "இன்னும் காய்க்குதுதானே" என்று விட்டுவைத்தால் பக்கத்துத் தோட்டமும் போகும். நோய்ப்பகுதியிலிருந்து தென்னங்கன்றை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. மகள் வீட்டுக்கு ஒரேயொரு கன்றுதானே என்று வேனில் ஏற்றிவிடாதீர்கள்.