கடல் இரைச்சலும் ஆய்வுக்கூட எலியும்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய உம்மாமார் உண்டு. ஏன்? சத்தத்தையும் ஆபத்தையும் மூளையிலுள்ள அமிக்டலா முடிச்சுப் போட்டுவிடுகிறது.

இதை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க, எலிக்கு ஓர் ஒலி, கூடவே சிறு மின்னதிர்ச்சி. சில தடவைக்குப் பின் ஒலி மட்டுமே போதும், எலி உறைந்துவிடும். உறையாத எலி பயத்தைக் கற்கவில்லை என்றே நெடுங்காலம் கணக்கெழுதினார்கள். பெரும்பாலும் ஆண் எலிகளையே பார்த்ததால் வந்த வினை! 2015இல் பெண் எலிகளைக் கவனித்தபோது, அவற்றில் கணிசமானவை உறையாமல் விருட்டென்று பாய்ந்தன. அதுவும் பயம் கற்றதன் அடையாளம்தான்.

கற்ற பயம் நீங்குவதில் மரபணுவுக்கும் பங்குண்டு. பிடிஎன்எஃப் மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறிய சுண்டெலிகளுக்கு, ஆபத்து நீங்கிய பிறகும் பயம் லேசில் விட்டுப்போவதில்லை. அதே மாற்றமுள்ள மனிதரிடமும் இதை 2010இல் கண்டார்கள்.