மண்ணில்லாப் பயிரும் மறைக்கலாகா வித்தையும்

ஒரு வித்தை மறைத்து வைக்கப்படும் வரையில் அது ஒருவனுடைய வியாபாரம். வெளியிடப்பட்டால் அது ஜனங்களின் சொத்து. மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் முறையின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

செடி மண்ணைத் தின்று வளர்வதில்லை. ஜலத்தில் கரைந்த உப்புக்களையே அதன் வேர் உறிஞ்சுகிறது. ஜெர்மானிய விஞ்ஞானிகளான ஸாக்ஸும் க்னாப்பும் 1860-ஆம் ஆண்டையொட்டி, வேண்டிய உப்புக்களைக் கரைத்த நீரிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினர். ஆயினும் நெடுங்காலம் இது ஆராய்ச்சிசாலையின் வாயிலைத் தாண்டவில்லை.

கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக்கி என்பவர் 1929 முதல் இம்முறையைப் பெருந்தொட்டிகளில் கையாண்டு, ஏணி வைத்துப் பறிக்கத்தக்க தக்காளிச் செடிகளை வளர்த்தார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை 1937-இல் வழக்குக்குக் கொணர்ந்தவரும் அவரே. ஆனால், தமது சொந்த நேரத்தில் கண்டதென்று கூறி, விவரங்களைத் தர மறுத்தார். அவர் தமது நூலை 1940-இல்தான் வெளியிட்டார். அதற்குள், அச்சர்வகலாசாலையின் ஹோக்லாந்தும் ஆர்னானும் இதனை ஆராய்ந்து, 1938-இல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டு விட்டனர். உப்புக்களின் அளவை அது யாவருக்கும் அறிவித்தது. நல்ல மண்ணின் விளைவை இது மிஞ்சிவிடும் என்ற அதிசயப் பேச்சையும் மறுத்தது.

நம் தேசத்திற்கு இது வந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1943-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் வங்காளத்தில் லக்ஷக்கணக்கானோர் மாண்டனர். அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், அம்மாகாணத்துக் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் பரீட்சைகளைத் தொடங்கினார். அவர் வகுத்ததே 'வங்காள முறை'. கல்துணுக்கும் மணலும் நிரம்பிய தொட்டியில் உப்புக்களைத் தூவிக் கையால் நீர் வார்ப்பதே அது. பின்னாளில் ஹவாயி சர்வகலாசாலையின் கிராட்கி இன்னும் எளிய வழியைக் காட்டினார். மூடிய பாத்திரத்தில் ஒருமுறை சத்துநீர் நிரப்பினால், நீர் குறையக் குறைய மேல்வேர்கள் காற்றையும் அடிவேர்கள் நீரையும் பெறும். கீரை வகைகள் அறுவடை வரை இதிலேயே வளரும். இவ்விரண்டிற்கும் பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பாத்திரம் வெளிச்சம் புகாததாயிருந்தால் பாசி பிடிக்காது. நன்கு மூடியிருந்தால் கொசுவும் அண்டாது.

இவ்வாறிருக்க, விலையுயர்ந்த இயந்திரங்களின்றி இது நடவாதென்று நினைப்பது பேதைமை. சத்துநீரை இரண்டு குப்பிகளில் விற்பதிலும் மாயமொன்றுமில்லை. சுண்ணாம்புச் சத்துள்ள உப்பைக் கந்தக, மணிச்சத்து உப்புக்களுடன் செறிவாகக் கலந்தால் அடியில் மண்டியாகத் தங்கிவிடும். ஆகவேதான் பிரித்து வைக்கின்றனர்.

இம்முறையால் நாட்டின் நெல்லும் கம்பும் விளையப் போவதில்லை. உழவனுக்கு இது மாற்றுமன்று. உப்புக்களையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். ஆயினும், ஒரு முழ நிலமுமற்ற நகரத்து ஏழை, வெயில்படும் மாடியிலோ திண்ணையிலோ தன் குழந்தைகளுக்குக் கீரையும் தக்காளியும் விளைவித்துக்கொள்ள இது உதவும்.

அதற்கு வேண்டுவது அளவும் பக்குவமும் தெரிந்த அறிவே. ராஜ்ய சர்க்காரும் விவசாய சர்வகலாசாலையும் அவ்வளவுகளைத் தெளிந்த தமிழில் அச்சிட்டுப் பள்ளிதோறும் வழங்குதல் கடமை. அதைக் கேட்டுப் பெறுவதும், தம் தெருவில் ஒரு தொட்டியையேனும் வைத்துக் காட்டுவதும் தேசத்தொண்டர்களின் பொறுப்பு. பிறர் கடையில் வாங்கும் வித்தையால் சுயராஜ்யம் நிறைவுறாது.