வடையில் ஒட்டிய எழுத்து

போன ஆவணியில் ஒருநாள் சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னவன் வடை கேட்டு அடம் பிடிக்க, தெருமுனைக் கடையில் நாலு உளுந்தவடை வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்தவன், "அம்மா, வடையில என்னமோ எழுதியிருக்கு!" என்று ஒரே சிரிப்பு. பார்த்தால், வடையின் மேல் கறுப்பாக நாலைந்து எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி ஒட்டியிருந்தது. அவன் எழுத்துக்கூட்டி வாசிக்க, நானும் சேர்ந்து சிரித்தேன். எண்ணெய் அதிகமாக இருக்கிறதே என்று அதே பேப்பரில் வடையை அமுக்கி ஒற்றிக் கொடுத்ததும் நான்தான்!

ராத்திரி என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். எங்கள் சிவகாசியில் பட்டாசை விட்டால் தீப்பெட்டி, அதை விட்டால் பிரஸ். அவர் பிரஸ்காரர். கையெல்லாம் மை. "சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்களேன்" என்றேன். "தண்ணியில எங்க போகும்? எண்ணெயில அரைச்ச மை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சாத்தான் போகும்" என்றார். எத்தனையோ தடவை கேட்ட பேச்சுதான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. எண்ணெய் பட்டால் மை கிளம்பி வரும் என்றால், சுடச்சுட வடையிலிருந்து வடிகிற எண்ணெய் மட்டும் சும்மா விடுமா?

அவரிடமே கேட்டேன். காலண்டர், லேபிள் அடிக்கிற மை காற்றுப் பட்டு இறுகிவிடுமாம். நியூஸ் பேப்பர் மை அப்படிக் காய்வதில்லையாம், தாளுக்குள் ஊறி நிற்பதோடு சரி. காலையில் பேப்பர் படித்தால் விரல் கறுப்பது அதனால்தானாம். அதற்காகக் காலண்டர் தாளில் மட்டும் பலகாரத்தை வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

இது நானாகப் பயந்து சொல்வது அல்ல. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரிலேயே, அச்சடித்த பேப்பரில் தின்பண்டம் கட்டாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறது. 2018-ல் வந்த விதிகளில் அதற்குத் தடையே போட்டு, 2023 செப்டம்பரில் மறுபடியும் சொன்னது. மையில் ஈயம் போன்றவை இருக்கலாம் என்பது ஒன்று. பேப்பர் பல கை மாறி வருவதால் கிருமியும் ஒட்டிக்கொண்டு வரும் என்பது இன்னொன்று. சுவிட்சர்லாந்தில் சூரிச் ஆய்வுக்கூடத்தில் இன்னொன்றையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய பேப்பரை அரைத்துச் செய்த அட்டைப்பெட்டியிலிருந்தே, மையின் எண்ணெய் உள்ளே இருந்த உலர்ந்த உணவில் ஏறிவிடுகிறதாம்! சுடவும் இல்லை, எண்ணெய்ப் பண்டமும் இல்லை.

கிருமி என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய பேப்பர் கட்டில் பூனை குட்டி போட்டது. மேலே இருந்த நாலு தாளைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை எடைக்குப் போட்டவள் நான். அது எந்தக் கடைக்குப் போனதோ, யார் வீட்டுப் பிள்ளை தின்றதோ!

மாமியாரிடம் சொன்னேன். "இம்புட்டு நாளா தின்னோமே, செத்தா போயிட்டோம்?" என்றார். சற்று நேரம் கழித்து அவரே, "எங்க காலத்துல மந்தார இலையிலதான் கட்டிக் குடுப்பாக" என்றார்.

மறுநாள் எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வடை சுடுகிற அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "ஏன் தாயி, என் கடை பேப்பரு உனக்கு ஆகலையா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "2019-ல பிளாஸ்டிக் பையி கூடாதுன்னாக, விட்டேன். இப்ப பேப்பரும் கூடாதுன்னா நான் எதுல கட்ட? இலை வாங்கினா எனக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. புருஷன் இல்லாமல் அந்த அடுப்பை வைத்தே ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதே!

எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் பாய்கிற இடத்தில் மூன்று வாழை நிற்கிறது. காற்றில் கிழிந்த இலைகளை நறுக்கிக் கழுவி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பொட்டலத்துக்குள் ஒரு துண்டு இலை போட்டுத்தான் கட்டுகிறார். ஆனால் எல்லாருக்கும் காணாது. "பிள்ளைகளுக்கு மட்டும் இலை, பெரியாளுக்குப் பேப்பருதான்" என்று அவரே ஒரு சட்டம் போட்டுவிட்டார். இப்போது பக்கத்துத் தெரு மதினி ஒருவரும் இலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்தாறு பேர் தூக்கோடு வருகிறார்கள்.

ஒரே ஒரு கவலைதான். இந்தக் கடிதத்தை நீங்கள் பிரசுரித்தால், அடுத்த வாரம் இதே தாளில் யாராவது பஜ்ஜி கட்டித் தராமல் இருக்க வேண்டும்!

– சிவகாசி வாசகி